கலெக்டிவைத் தொடவே இல்லை, ஹெலிகாப்டர் ஏன் தானாக ஏறுகிறது?

விமானபுரா_பொண்ணு | செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூருவில் கமர்ஷியல் ஹெலிகாப்டர் லைசென்ஸுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) நடத்தும் டெக்னிக்கல் ஜெனரல் பேப்பர் நெருங்குகிறது. 70 எடுத்தால் பாஸ் என்று தெரியும், மனப்பாடம் செய்தால் எடுத்துவிடலாம் என்றும் தெரியும். ஆனால் கையில் சைக்ளிக்கை (ரோட்டரை வேண்டிய பக்கம் சாய்க்கும் குச்சி) பிடித்துக்கொண்டு உட்காரும்போது மனப்பாடம் செய்தது எதுவும் உதவிக்கு வருவதில்லை.

புத்தகத்தில் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாடம். டிரான்ஸ்லேஷனல் லிஃப்ட் ஒரு அத்தியாயம், கிரவுண்ட் எஃபெக்ட் ஒரு அத்தியாயம், வோர்டெக்ஸ் ரிங் ஒரு அத்தியாயம், ஆட்டோரொட்டேஷன் இன்னொன்று. எதற்கும் எதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கிறது. எனக்கு உறுத்துகிற கேள்விகள் இவை:

ஹோவரிலிருந்து, அதாவது ஒரே இடத்தில் மிதப்பதிலிருந்து, மெதுவாக முன்னே நகர்கிறோம். எல்லா பிளேடுகளின் கோணத்தையும் ஒன்றாகக் கூட்டிக் குறைக்கும் லீவரான கலெக்டிவை நான் அசைக்கவில்லை. 15, 20 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகம் வந்ததும் ஒரு குலுக்கு குலுக்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு, தானாக ஏறுகிறது. அந்தக் கூடுதல் லிஃப்ட் (தூக்கு விசை) எங்கிருந்து வந்தது? மூக்கு ஏன் தூக்குகிறது?

வோர்டெக்ஸ் ரிங்கில், அதாவது ரோட்டர் தன் சுழல்காற்றிலேயே சிக்கிக்கொண்டு, கீழே போகும்போது கலெக்டிவை இழுத்தால் இன்னும் வேகமாகக் கீழே போகும் என்கிறார்கள். பிட்ச் (பிளேடின் கோணம்) கூடினால் லிஃப்ட் கூடத்தானே வேண்டும்?

இன்ஜின் நின்றால் ஆட்டோரொட்டேஷனில் ரோட்டரைச் சுற்றுவது யார்? "கீழிருந்து வரும் காற்று" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கீழிருந்து வரும் காற்று பிளேடை மேலே தள்ளலாம், சரி. முன்னே எப்படி இழுக்கும்?


சும்மா_பார்க்க_வந்தவன் | செவ்வாய், இரவு 9:52

மாரத்தஹள்ளியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் மட்டும் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன் நான். என் கேள்வியும் அதே வோர்டெக்ஸ் ரிங்தான். இதுவரை ஒரு மொட்டைமாடியில்கூட உருப்படியாக இறங்கியதில்லை. துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்கிறேன்.


பழைய_ரிவெட் | செவ்வாய், இரவு 11:05

நல்ல கேள்விம்மா. எச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) ஹெலிகாப்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், முருகேஷ்பாளையாவில் இருக்கிறேன். பைலட் இல்லை. ரோட்டர் ஹெட்டோடு மல்லுக்கட்டியவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நீ கேட்ட மூன்றும் ஒரே கேள்வி. பிளேடுக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, அவ்வளவுதான் விஷயம்.

பிளேடின் ஒரு துண்டை எடுத்துக்கொள். அதற்கு இரண்டு காற்று. ஒன்று, சுற்றுவதால் எதிரே வருவது, படுக்கைவாட்டில். இரண்டாவது, ரோட்டர் தானே மேலிருந்து உறிஞ்சிக் கீழே தள்ளும் காற்று. இதைத்தான் இன்ஃப்ளோ என்கிறோம். இரண்டும் சேர்ந்தால் பிளேடுக்குக் காற்று நேர் எதிரே வருவதில்லை, கொஞ்சம் மேலிருந்து சரிந்து வருகிறது. கலெக்டிவ் கொடுப்பது பிட்ச் கோணத்தை மட்டும். அதிலிருந்து இந்தச் சரிவுக் கோணம் கழிந்து மிஞ்சுவதுதான் ஆங்கிள் ஆஃப் அட்டாக். லிஃப்ட் அந்த மிச்சத்துக்குத்தான்.

பிட்ச் உன் கையில் இருக்கிறது, இன்ஃப்ளோ காற்றின் கையில் இருக்கிறது. நீ லீவரை அசைக்காமலே இன்ஃப்ளோ மாறினால் லிஃப்ட் மாறும். ஹோவரில் ரோட்டர் தான் தள்ளிவிட்ட காற்றின் மேலேயே நிற்கிறது, இன்ஃப்ளோ அதிகம். முன்னே நகர்ந்தால் கலங்காத புதுக் காற்று கிடைக்கிறது, ஒரே இடத்துக் காற்றைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ள வேண்டியதில்லை, இன்ஃப்ளோ குறைகிறது. கழிக்க வேண்டியது குறைந்தால் மிச்சம் கூடுகிறது. அதுதான் உன் டிரான்ஸ்லேஷனல் லிஃப்ட். தரைக்குப் பக்கத்தில் ஹோவர் செய்யும்போதும் இதே கதைதான், அங்கே கீழே போகும் காற்றைத் தரை மறிக்கிறது. ரோட்டர் விட்டத்தில் பாதி உயரத்துக்குள் இருந்தால் நன்றாகவே தெரியும், ஒரு விட்டம் உயரம் போனால் ஏறக்குறைய காணாமல் போய்விடும்.

மற்ற இரண்டையும் நாளைக்கு எழுதுகிறேன். கண் சொக்குகிறது.


கணக்குப்புலி | புதன், அதிகாலை 1:20

ஐஐஎஸ்சியில் ஏரோஸ்பேஸ் படிக்கிறேன். ரிவெட் சார் சொன்னதற்கு எண் போட்டுப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். ராபின்சன் ஆர்44 ராவன்-1 என்ற சிறு ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளலாம். அதிகபட்ச எடை 2400 பவுண்டு, அதாவது 1089 கிலோ. ரோட்டர் விட்டம் 33 அடி, பிளேடுகள் சுற்றிவரும் வட்டின் பரப்பு சுமார் 79.5 சதுர மீட்டர்.

ஹோவரில் இன்ஃப்ளோ வேகத்துக்குப் பழைய மொமென்டம் சூத்திரம்: எடையை, காற்றின் அடர்த்தி, வட்டின் பரப்பு, இரண்டு, இந்த மூன்றின் பெருக்கலால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். கடல் மட்டத்தில், 15 டிகிரியில், விநாடிக்கு 7.4 மீட்டர் வரும்.

பிளேடின் முக்கால் நீளத்தில் சுழற்சி வேகம் விநாடிக்குச் சுமார் 161 மீட்டர். 161-க்கு 7.4 என்றால் சரிவு 2.6 டிகிரி. நீங்கள் கொடுக்கும் பிட்சில் 2.6 டிகிரி ஹோவரிலேயே கழிந்துபோகிறது. முன்னே நகர்ந்தால்:

20 நாட்டில் இன்ஃப்ளோ 4.8 மீட்டர், கழிவது 1.7 டிகிரி.
40 நாட்டில் 2.6 மீட்டர், கழிவது 0.9 டிகிரி.

20 நாட்டுக்குள்ளேயே ஏறக்குறைய ஒரு டிகிரி ஆங்கிள் ஆஃப் அட்டாக் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. வட்டு முன்னே சாய்வதால் இதில் கொஞ்சம் திரும்பப் போகும், அதை இங்கே விட்டுவிட்டேன். கலெக்டிவைத் தொடாமல் ஏறுவது இதனால்தான்.


விமானபுரா_பொண்ணு | புதன், காலை 6:15

அண்ணா, இந்த 2.6, 1.7, 0.9 எந்தப் புத்தகத்திலும் இப்படிக் கண்ணில் படவில்லை. குறித்துக்கொண்டேன். மூக்கு தூக்குவதும் இன்ஃப்ளோவாலா?


பழைய_ரிவெட் | புதன், காலை 10:30

இல்லைம்மா, அது ஃப்ளாப்பிங் (பிளேடு மேலும் கீழும் அசைவது). ஆர்44 பிளேடு முனையின் வேகம் விநாடிக்கு 215 மீட்டர், நாட் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 418. நீ 100 நாட்டில் போனால் வலப்பக்கம் முன்னே வரும் பிளேடு முனைக்கு 518, இடப்பக்கம் பின்னே போகும் முனைக்கு 318. லிஃப்ட் வேகத்தின் வர்க்கத்துக்குப் போகும். ஒரே பிட்சாக இருந்தால் வலப்பக்கம் இடப்பக்கத்தைப் போல 2.65 மடங்கு தூக்கும். அப்படி விட்டால் இடது பக்கமாகக் கவிழ வேண்டியதுதான். ஸ்பெயின்காரர் ஹுவான் தெ லா சியெர்வாவின் ஆரம்பகால ஆட்டோஜைரோக்களுக்கு (ரோட்டரை இன்ஜின் சுற்றாமல் காற்றே சுற்றும் ஊர்திகள்) அந்தக் கதிதான் ஆனது. பிளேடின் அடியில் கீல் வைத்து, அது மேலும் கீழும் அசைய விட்ட பிறகுதான் 1923-ல் அவருடைய சி.4 ஒழுங்காகப் பறந்தது.

கீல் என்ன செய்கிறது? லிஃப்ட் கூடிய பிளேடு மேலே எழும்புகிறது. மேலே போகிற பிளேடுக்குக் காற்று இன்னும் மேலிருந்து வருவதாகத் தெரியும், ஆங்கிள் ஆஃப் அட்டாக் குறையும். எதிர்ப்பக்கம் தாழ்கிற பிளேடுக்குக் கூடும். இரண்டு பக்கமும் சமன். பார், இதுவும் "காற்று எங்கிருந்து வருகிறது" கதைதான்.

இப்போது மூக்கு. பிளேடு மேலே எழும் வேகம் வலப்பக்கத்தில் உச்சம். ஆனால் மிக உயரமான இடத்தை அடைவது கால் சுற்று கழித்து, மூக்குக்கு நேராக. இதேபோல் வாலுக்கு நேராக மிகத் தாழ்வு. ஆக வட்டே பின்பக்கமாகச் சாய்கிறது, அதோடு மூக்கும் தூக்குகிறது. நீ சைக்ளிக்கை முன்னே தள்ளிச் சரிசெய்கிறாய்.

வட்டு வட்டு என்று சொல்கிறேனே, அது பேச்சுக்குச் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் பிளேடு டிராக்கிங் பார்க்க, ஒவ்வொரு பிளேடு முனையிலும் வேறு வேறு நிறத்தில் சாக்கோ கிரேயானோ பூசுவோம். ஒரு கம்பில் துணியை விறைப்பாகக் கட்டி, ரோட்டர் சுற்றும்போது மெல்ல முனைக்கு அருகே கொண்டுபோவோம். கம்பு பிடிப்பவர் கை நடுங்கக் கூடாது. பட் என்று ஒரு சத்தம், எடுத்துப் பார்த்தால் துணியில் நிறக்கோடுகள். எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் பிளேடுகள் ஒரே தளத்தில் ஓடுகின்றன. ஒன்று மட்டும் மேலேயோ கீழேயோ தள்ளி இருந்தால் அதன் பிட்ச் லிங்கை (பிளேடின் கோணத்தைச் சரிசெய்யும் கம்பி) திருக வேண்டியதுதான். இப்போது கேமராவும் ஸ்ட்ரோபும் வந்துவிட்டன.


கணக்குப்புலி | புதன், பகல் 1:10

சார், கால் சுற்று தாமதத்தைப் பாடப்புத்தகங்கள் ஜைரோஸ்கோப்பிக் பிரிசெஷன் (சுழலும் பம்பரத்தைத் தள்ளினால் விளைவு கால் சுற்று தள்ளித் தெரிவது) என்கின்றன. அதைக் கொஞ்சம் உடைக்க வேண்டும். கீல் வைத்த பிளேடு ஒரு முழுத் திடப் பம்பரம் இல்லை. அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை மேலும் கீழும் ஆடும் ஊசல். மையத்திலேயே கீல் இருந்தால் அதன் இயல்பான ஆட்ட வேகமும் ரோட்டர் சுற்றும் வேகமும் ஒன்று. ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால், தள்ளும் விசை உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கும் ஊஞ்சல் உச்சிக்குப் போகும் நேரத்துக்கும் கால் சுழற்சி இடைவெளி இருக்கும். அந்த 90 டிகிரிதான் இது.

ஏன் வம்படியாக இதைச் சொல்கிறேன் என்றால், கீல் மையத்திலிருந்து தள்ளி இருந்தாலோ, எச்ஏஎல்லின் துருவ் ஹெலிகாப்டர் மாதிரி கீலே இல்லாத ரோட்டராக இருந்தாலோ, தாமதம் 90-க்குக் குறைவு. பிரிசெஷன் என்று மட்டும் படித்தவருக்கு அது ஏன் என்று விளங்காது.


பழைய_ரிவெட் | புதன், பகல் 2:45

அதெல்லாம் சரி தம்பி. தேர்வில் நாலு விடையில் "பிரிசெஷன், 90 டிகிரி" என்று ஒன்று இருந்தால் அந்தப் பெண் எதை டிக் செய்யணும்?


கணக்குப்புலி | புதன், பகல் 2:51

அதையேதான் டிக் செய்யணும் சார். அதில் சண்டை இல்லை.


ஜுஹு_ஷட்டில் | புதன், மாலை 5:30

மும்பையிலிருந்து எழுதுகிறேன். ஜுஹுவிலிருந்து எண்ணெய் மேடைகளுக்குப் பறக்கிறேன், ஊர் திருநெல்வேலி. மும்பை ஹை கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர், வழி முழுக்கக் கடல்.

கணக்குப்புலியின் எண்ணை வைத்து ஒன்று சேர்க்கிறேன். நான் கிளம்புவது கடல் மட்டத்தில். பெங்களூரு எச்ஏஎல் விமான நிலையம் 2912 அடி உயரத்தில். அங்கே ஏப்ரல் மதியம் 34 டிகிரி என்று வையுங்கள். அந்த உயரத்துக்கு ஐஎஸ்ஏ (கணக்குக்கான திட்ட வளிமண்டலம்) வெப்பநிலை 9 டிகிரி சொச்சம், ஆக 25 டிகிரி அதிகம். டிகிரிக்கு 120 அடி என்று போட்டால் டென்சிட்டி ஆல்டிடியூட், அதாவது காற்றின் அடர்த்திக்கு ஈடான உயரம், சுமார் 5900 அடி. அதே 34 டிகிரி ஜுஹுவில் என்றால் 2300 அடிக்குப் பக்கம். கடற்கரை ஈரப்பதத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனாலும் நடுவே 3000 அடிக்கு மேல் வித்தியாசம்.

பெங்களூரு குளுகுளு ஊர் என்று நம்பி ஹோவர் செய்யப் போகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். மேலே போட்டிருக்கும் ஸ்வெட்டருக்கும் ரோட்டருக்கும் சம்பந்தமில்லை.


கணக்குப்புலி | புதன், மாலை 5:58

கேப்டன் சொன்ன 5900 அடிக்கு அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 1.03 கிலோ. அதே ஆர்44, அதே எடை. இன்ஃப்ளோ 7.4-லிருந்து 8.1 ஆகிறது. எடையோடு பெருக்கினால் காற்றைத் தள்ள மட்டும் ஆகும் சக்தி 79 கிலோவாட்டிலிருந்து 86-க்குப் போகும். இது இலட்சியக் கணக்கு. பிளேடு இழுவை, டெயில் ரோட்டர் எல்லாம் இதற்கு மேல். தேவை கூடுகிற அதே நேரத்தில் பிஸ்டன் இன்ஜினுக்குக் காற்றும் மெலிகிறது. ஆர்44-ல் இன்ஜினை அதன் முழுத் திறனுக்குக் கீழே கட்டுப்படுத்தி வைத்திருப்பதால் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.


விமானபுரா_பொண்ணு | புதன், இரவு 8:20

மதியம் இரண்டு பேர் ஏறினால் இன்ஸ்ட்ரக்டர் எரிபொருளைக் குறைக்கச் சொல்வதன் காரணம் இப்போது எண்ணாகவே தெரிகிறது. ரிவெட் சார், வோர்டெக்ஸ் ரிங் பாக்கி.


பழைய_ரிவெட் | புதன், இரவு 9:45

சொல்கிறேன். ரோட்டர் காற்றை விநாடிக்கு 7.4 மீட்டர் வேகத்தில் கீழே தள்ளுகிறது. நீயும் கிட்டத்தட்ட நேர் கீழே இறங்குகிறாய். இறங்கும் வேகம் கூடக்கூட, நீ தள்ளிவிட்ட காற்றையே துரத்திப் பிடிக்கிறாய். அது விலகிப் போக வழியில்லாமல் முனைகளைச் சுற்றி மேலே ஏறி மறுபடி ரோட்டருக்குள்ளேயே விழுகிறது. வட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம். நடுவில் வேர்ப்பகுதியில் காற்று கீழிருந்து மேலே வந்து அங்கே ஸ்டால் (கோணம் மிஞ்சி லிஃப்ட் அறுந்துபோவது).

இப்போது கலெக்டிவை இழுத்தால் என்ன ஆகும்? இன்னும் அதிகக் காற்றைக் கீழே தள்ளுவாய், அது இன்னும் அதிகமாகச் சுற்றி மேலே வந்து விழும். வளையம் பெருக்கும், வேரில் ஸ்டால் வெளியே பரவும். பிட்ச் கூடியது உண்மை, ஆனால் கழிவு அதைவிடக் கூடிவிட்டது.

மூன்றும் ஒன்றுசேர வேண்டும்: ஏர்ஸ்பீட் டிரான்ஸ்லேஷனல் லிஃப்டுக்குக் கீழே, நல்ல இறங்கு வேகம், இன்ஜின் சக்தி ரோட்டருக்குப் போய்க்கொண்டிருப்பது. ஒன்றைத் தட்டிவிட்டால் வளையம் இல்லை. ஆட்டோரொட்டேஷனில் நேர் கீழே வந்தாலும் இது வராததற்குக் காரணம் மூன்றாவது இல்லாததுதான்.


விமானபுரா_பொண்ணு | புதன், இரவு 10:02

நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் இறங்காதே என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த 300 எங்கிருந்து வந்தது?


கணக்குப்புலி | புதன், இரவு 11:30

பாதுகாப்புக்கு இடம் விட்டு வைத்த எண். 7.4 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1450 அடி. நேர் கீழே இறங்கும் வேகம் அதில் சுமார் பாதியைத் தொடும்போதுதான் ஓட்டம் கலைய ஆரம்பிக்கிறது, அதாவது 700 அடி சொச்சம். 300-ல் நின்றால் கண் தவறினாலும் தாங்கும். ஆனால் இந்த 700 ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும், ஒவ்வொரு எடைக்கும் மாறும். ஒரு பெரிய வட்டில் குறைந்த எடை தொங்கினால் இன்ஃப்ளோ குறைவு, அப்போது வளையம் இன்னும் மெதுவான இறக்கத்திலேயே பிடிக்கும். அதனால் 700-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு விளையாட வேண்டாம், 300-லேயே இருங்கள்.


சும்மா_பார்க்க_வந்தவன் | வியாழன், காலை 7:40

சிமுலேட்டரில் மொட்டைமாடிக்கு 900 அடி வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்த மகானுபாவன் நான்தான். சரி, மாட்டிக்கொண்டால் வெளியே வருவது எப்படி?


ஜுஹு_ஷட்டில் | வியாழன், காலை 9:15

பழைய வழி: சைக்ளிக்கை முன்னே தள்ளு, கலெக்டிவைக் குறை, வேகம் எடுத்து வளையத்தை விட்டு ஓடு. வேலை செய்யும். ஆனால் உயரம் நிறையச் சாப்பிடும், தரைக்குப் பக்கத்தில் அவ்வளவு உயரம் எங்கே இருக்கிறது?

சுவிட்சர்லாந்து பைலட் கிளாட் வுய்சார்ட் பரப்பிய வழி பக்கவாட்டில் தப்பிப்பது. ஆர்44 மாதிரி மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும் ரோட்டருக்கு: கலெக்டிவை டேக்-ஆஃப் பவருக்கு ஏற்று, மூக்கு திரும்பாமல் இடது பெடல் (டெயில் ரோட்டருக்கான கால் கட்டை) கொடு, சைக்ளிக்கை வலப்பக்கம் சாய். டெயில் ரோட்டரின் தள்ளலும் வலப்பக்கம்தான், அதுவும் சேர்ந்து உதவும். வட்டின் வலப்பக்கம் வளையத்தின் மேலேறும் காற்றைத் தொட்டதும் வெளியே வந்துவிடுவாய். உயர இழப்பு மிகக் குறைவு.

"இழுத்தால் இன்னும் விழும் என்று சொன்னார்களே, இங்கே இழுக்கச் சொல்கிறீர்களே" என்று அடுத்த கேள்வி வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உள்ளேயே உட்கார்ந்துகொண்டு இழுப்பது வேறு, நகர்ந்துகொண்டே இழுப்பது வேறு. எந்த வழியானாலும் உங்கள் ஃப்ளைட் மேனுவலும் இன்ஸ்ட்ரக்டரும் சொன்னதைத்தான் செய்ய வேண்டும். நல்ல உயரத்தில், அவர் பக்கத்தில் இருக்கும்போது பழகுங்கள். இந்த இழையைப் படித்துவிட்டுத் தனியாக முயன்று பார்க்கிற வேலை வேண்டாம்.

உண்மையில் மாட்டிவிடுவது பின்காற்று. 15 நாட் பின்காற்றில் இறங்குகிறாய், தரை நகரும் வேகத்தைப் பார்த்தால் 20 நாட் போல இருக்கும், மனசுக்கு நிம்மதி. ரோட்டருக்குக் கிடைப்பது 5 நாட். மேடைகளில் நாங்கள் முதலில் தேடுவது காற்றுப்பை எந்தப் பக்கம் பார்க்கிறது, மேடையில் எரிவாயுவை எரிக்கும் ஃப்ளேர் நெருப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான். இன்னொன்று, மேடைத் தளத்தில் ஹோவர் செய்யும்போது கிரவுண்ட் எஃபெக்ட் இருக்கும். விளிம்பைத் தாண்டிய நொடியே கீழே கடல்தான், ரொம்ப ஆழத்தில். ரிவெட் சார் சொன்ன "தரை மறிப்பது" ஒரே வீச்சில் காணாமல் போகும். அதற்கான பவர் கையில் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.


விமானபுரா_பொண்ணு | வியாழன், மாலை 6:50

கேப்டன் சார், ரொம்ப நன்றி. அப்புறம் ஆட்டோரொட்டேஷன்? கீழிருந்து வரும் காற்று எப்படி முன்னே இழுக்கிறது?


பழைய_ரிவெட் | வியாழன், இரவு 8:30

லிஃப்ட் எப்போதும் வரும் காற்றுக்குச் செங்குத்தாக இருக்கும். இதை மட்டும் பிடித்துக்கொள். பவரோடு பறக்கும்போது காற்று மேலிருந்து சரிந்து வருகிறது, அதனால் லிஃப்ட் கொஞ்சம் பின்னே சாய்ந்திருக்கும். அந்தப் பின்சாய்வை வெல்லத்தான் இன்ஜின் உழைக்கிறது. இன்ஜின் போய், நீ இறங்க ஆரம்பித்ததும் காற்று கீழிருந்து சரிந்து வருகிறது. இப்போது லிஃப்ட் முன்னே சாயும். முன்னே சாய்ந்த லிஃப்ட் பிளேடை அது சுற்றும் திசையிலேயே இழுக்கிறது. அதுதான் உன் இன்ஜின்.

பிளேடு முழுக்க இது நடக்காது. முனைப்பக்கம் சுற்று வேகம் அதிகம், சரிவு குறைவு, அங்கே இழுவைதான் ஜெயிக்கும். உள்ளே, பாடப்புத்தகக் கணக்கில் கால் பங்கிலிருந்து 70 சதவீதம் வரையிலான நடுப்பகுதிதான் இழுக்கிறது. அதற்கும் உள்ளே ஸ்டால். இழுப்பதும் தடுப்பதும் சமனாகும் இடத்தில் ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்றுகள்) மாறாமல் நிலைக்கும்.

லீவரை உடனே இறக்கச் சொல்வது ஏன் என்றும் இதிலேயே தெரியும். இதுவரை பிட்சிலிருந்து கழிந்துகொண்டிருந்த கோணம் இப்போது பிட்சோடு கூடுகிறது. பழைய பிட்சிலேயே விட்டால் ஸ்டால், இழுவை, ஆர்பிஎம் சரிவு. ஆர்22 போல இலேசான ரோட்டரில் அதற்கு உனக்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடி அளவுதான்.

நம் சீட்டா ஹெலிகாப்டரின் மூலமான பிரெஞ்சு லாமாவில் 1972-ல் ஜான் பூலே 12,442 மீட்டர் உயரம் போனார். அங்கே இன்ஜின் அணைந்துவிட்டது, மறுபடி பற்றவில்லை. அங்கிருந்து தரை வரை ஆட்டோரொட்டேஷனிலேயே இறங்கி வந்தார். இன்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழும் என்று சொல்கிற மாமாக்களுக்கு இதைச் சொல்.


ஜுஹு_ஷட்டில் | வியாழன், இரவு 9:05

குரூஸ் வேகத்தில் இன்ஜின் நின்றால் லீவரை இறக்குவதோடு சைக்ளிக்கையும் மெல்லப் பின்னே கொண்டுவர வேண்டும். முன்னே சாய்ந்த வட்டுக்குக் காற்று இன்னும் மேலிருந்துதான் வரும். பின்னே சாய்த்ததும் கீழிருந்து வர ஆரம்பிக்கும், ஆர்பிஎம் பிழைக்கும். கடைசியில், தரை தொடும் முன் மூக்கைத் தூக்கிச் செய்யும் ஃப்ளேரில் ஆர்பிஎம் ஏறுவதும் இதனால்தான்.


விமானபுரா_பொண்ணு | வெள்ளி, காலை 6:30

நேற்று ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் டிராஃபிக்கில் நின்றபோது ஒரு துருவ் தலைக்கு மேலே போனது. வட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுதான் கண் போனது, பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தபிறகுதான் வண்டியை எடுத்தேன்.

கடைசியாக ஒன்று. சேத்தக், சீட்டா எல்லாம் மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும் ரோட்டர். அப்படியானால் இங்கே சொன்ன எல்லா இடம் வலமும் தலைகீழாகுமா? டெயில் ரோட்டரைத் தொல்லை செய்யும் காற்றுத் திசைகளும்?


பழைய_ரிவெட் | வெள்ளி, காலை 11:10

இடம் வலம் எல்லாம் மாறும், முன் பின் மாறாது. மூக்கு தூக்குவது அதிலும் தூக்கும்தான். 10, 20 நாட்டில் வட்டின் முன்பாதிக்குப் புதுக் காற்றும் பின்பாதிக்குக் கலங்கிய காற்றும் கிடைப்பதால் வருமே ஒரு குலுக்கல், நீ முதலில் கேட்டது, அதோடு ஆர்44 வலப்பக்கம் சாயப் பார்க்கும், சேத்தக் இடப்பக்கம். கலெக்டிவ் இழுத்தால் ஆர்44-ல் இடது பெடல், சேத்தக்கில் வலது பெடல். இரண்டிலும் மாறி மாறிப் பறந்தவர்கள் முதல் ஹோவரில் கால் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.


ஜுஹு_ஷட்டில் | வெள்ளி, பகல் 12:40

காற்றுத் திசைகளும் கண்ணாடிபோல மாறும். ஆர்44 வகையில் மெயின் ரோட்டரின் முனைச் சுழல் டெயில் ரோட்டருக்குள் போய் விழுவது இடது முன்பக்கக் காற்றில், 285-லிருந்து 315 டிகிரி வரை, மூக்கை 360 என்று வைத்து. வலஞ்சுழி ரோட்டருக்கு அது வலது முன்பக்கம், 45-லிருந்து 75. பின்காற்றில் வால் காற்றாடி மாதிரித் திரும்பப் பார்ப்பது 120-லிருந்து 240, அது இரண்டுக்கும் பொது. குறைந்த வேகத்தில், அதிக பவரில், இந்தத் திசைகளில் ஏதாவது ஒன்றில் காற்று வந்தால் பெடலில் கால் தயாராக இருக்கட்டும். ஆர்44-ல் மூக்கு வலப்பக்கம் தானாகச் சுழல ஆரம்பித்தால் முழு இடது பெடல், சைக்ளிக்கை முன்னே கொடுத்து வேகம் எடு, உயரம் இருந்தால் பவரைக் குறை.


சும்மா_பார்க்க_வந்தவன் | வெள்ளி, பகல் 1:15

இரண்டு பிளேடு ரோட்டரில் சைக்ளிக்கைச் சடாரென்று முன்னே தள்ளினால் மாஸ்ட் பம்பிங் (ரோட்டர் ஹெட் தன் தண்டில் இடிப்பது) வரும் என்கிறார்களே, அதையும் யாராவது சொல்லுங்கள்.


மட்டுறுத்துநர் | வெள்ளி, பகல் 2:00

மாஸ்ட் பம்பிங் கேள்வியைத் தனி இழையாகப் பிரித்துவிட்டேன், பதில்களை அங்கே எழுதுங்கள். அதுவரை ஒரு வரி மட்டும்: ரோட்டர் மேல் எடை இல்லாமல் போய், ஹெலிகாப்டர் வலப்பக்கம் உருளும்போது சைக்ளிக்கை இடப்பக்கம் தள்ளாதீர்கள். முதலில் மெல்லப் பின்னே இழுத்து ரோட்டருக்கு எடையைத் திருப்பிக் கொடுங்கள், பிறகு உருளலைச் சரிசெய்யுங்கள்.